உபுண்டு டெஸ்க்டாப் பத்து நாளில் ரேமை விழுங்குது: எங்கே பார்க்கணும்?

அல்சூர்வாசி | 3 ஜூன் 2025, காலை 11.20

பெங்களூரு, அல்சூர் ஆபீஸ். 14 மெஷின், எல்லாத்துலயும் உபுண்டு 24.04, டெஸ்க்டாப் க்னோம் 46, திரையைக் காட்டுறது வேலேண்ட், 8 ஜிபி ரேம். யாரும் லாக்அவுட் பண்றதில்ல, ஸ்க்ரீனை லாக் பண்ணிட்டுப் போவாங்க. பத்துப் பன்னிரண்டு நாள்ல மெஷின் தவழ ஆரம்பிக்குது, பிரவுசர் தானா மூடிக்குது. ரீபூட் பண்ணா சரியாயிடுது. ஃப்ரீ கட்டளை போட்டா "ஃப்ரீ"ங்கிற இடத்துல 180 எம்பிதான் காட்டுது. தமிழ்99 கீபோர்டு போட்டதுல இருந்துதான் இப்படின்னு மேலாளர் அடிச்சுச் சொல்றார். லினக்ஸே இப்படித்தானா?

ஸ்வாப்சாமி | 3 ஜூன், பகல் 1.05

"ஃப்ரீ" எண்ணை மறந்துடுங்க. சும்மா கிடக்கிற ரேமை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கும், யாராவது கேட்டா உடனே திருப்பிக் கொடுத்துடும். அதே வரிசைக் கடைசியில "அவைலபிள்"னு ஒண்ணு இருக்கும், பார்க்க வேண்டியது அதை.

பிரவுசர் தானா மூடிக்குதுன்னா அனேகமா சிஸ்டம்டி-ஊம்டி வேலை. மெமரி நெருக்கடி வந்தா அது ஒரு பிராசஸ் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும். செத்தது ஒண்ணு, மெமரியைக் கசியவிட்டவன் (லீக், அதாவது எடுத்ததைத் திருப்பித் தராதவன்) வேற ஆளா இருக்கலாம். அதனால செத்ததைப் பார்த்துக் குற்றவாளியை முடிவு பண்ணாதீங்க.

கெர்னல் தன் கணக்கைக் காட்டுற ப்ராக் அடைவுல மெம்இன்ஃபோ ஃபைலைத் திறந்து அஞ்சு எண்ணை எழுதி வைங்க: மெம்அவைலபிள், அனான்பேஜஸ், எஸ்ஹெச்மெம், எஸ்அன்ரிக்ளெய்ம், ஸ்வாப்ஃப்ரீ. நாளைக்கு அதே அஞ்சு. அனான்பேஜஸ் ஏறினா ஏதோ ஒரு பிராசஸ். எஸ்ஹெச்மெம் ஏறினா ஒண்ணு டெம்ப்எஃப்எஸ்ல (ரேமுக்குள்ளேயே இருக்கிற ஃபைல் இடம்) யாரோ ஃபைல் குவிக்கிறாங்க, இல்லேன்னா இன்டெல் கிராபிக்ஸ் பஃபர். அந்த பஃபர்கள் எந்த பிராசஸோட கணக்குலயும் ஒழுங்கா விழாது, ஆனா எஸ்ஹெச்மெம்ல தெரியும். எஸ்அன்ரிக்ளெய்ம் ஏறினா கெர்னல் அல்லது டிரைவர், அது வேற தலைவலி.

ஸ்வாப்சாமி | 3 ஜூன், பகல் 1.30

மேலே "நாளைக்கு அதே அஞ்சு"ன்னு சொன்னது சோம்பேறித்தனம். ரெண்டு புள்ளியை வச்சுக்கிட்டுக் கோடுதான் போடலாம், அது படிக்கட்டா சரிவான்னு தெரியாது. குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டுற கிரான்ல 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதுற மாதிரி வைங்க. நேரம், மேலே சொன்ன அஞ்சு எண், கூடவே க்னோம் ஷெல்லோட (டெஸ்க்டாப்பையே வரையற பிராசஸ்) பிஎஸ்எஸ், கீபோர்டைக் கவனிக்கிற ஐபஸ் டீமனோட பிஎஸ்எஸ். (மேலாளருக்காக.)

பிஎஸ்எஸ் எங்க கிடைக்கும்னா, ப்ராக் அடைவுல அந்த பிராசஸ் எண்ணுக்குள்ள ஸ்மேப்ஸ்_ரோலப்னு ஒரு ஃபைல் இருக்கு. டாப் காட்டுற ஆர்எஸ்எஸ் வேண்டாம். பத்து பேர் பகிர்ந்துக்கிற லைப்ரரியை ஆர்எஸ்எஸ் பத்து பேர் தலையிலயும் முழுசா எழுதும், பிஎஸ்எஸ் பங்கு போட்டு எழுதும்.

பிராசஸ் எண்ணை பிஜிரெப் வச்சு எடுத்தா யூசர் பெயரையும் சேர்த்துக் கொடுங்க. லாகின் திரைக்குன்னு ஜிடிஎம் யூசர் பேர்ல தனியா ஒரு க்னோம் ஷெல் ஓடலாம், அதை அளந்துட்டு "ஏறவே இல்லையே"ம்பீங்க.

ஸ்வாப்சாமி | 3 ஜூன், இரவு 10.15

இன்னொரு திருத்தம். பிஎஸ்எஸ் மட்டும் போதாது, ஸ்வாப்பிஎஸ்எஸ்ஸும் கூட்டணும். அதே ஃபைல்ல கடைசிப் பக்கமா இருக்கும். கசிஞ்ச மெமரியை யாரும் தொடறதில்லேங்கிறதால நெருக்கடி வந்ததும் முதல்ல ஸ்வாப்புக்கு, அதாவது டிஸ்க்குக்கு, போறது அதுதான். வெறும் பிஎஸ்எஸ் பார்த்தா, லீக் பண்ற பிராசஸ் இளைச்ச மாதிரி தெரியும். என் பேரையே அப்படி வச்சுக்கிட்டு இதை மறந்தேன்.

அல்சூர்வாசி | 5 ஜூன், மாலை 6.10

என் மெஷின், 3ஆம் தேதி மதியம் 2 மணிக்கு ரீபூட் பண்ணதுல இருந்து இப்போ வரைக்கும்:
க்னோம் ஷெல் பிஎஸ்எஸ்ஸும் ஸ்வாப்பும் சேர்த்து 318 எம்பியில இருந்து 586.
ஐபஸ் டீமன் அசையல.
எஸ்ஹெச்மெம், எஸ்அன்ரிக்ளெய்ம் கிட்டத்தட்ட அப்படியே.
அனான்பேஜஸ் ஏறுது.

ஸ்வாப்சாமி | 5 ஜூன், மாலை 6.40

அப்போ தமிழ்99 நிரபராதி. ஷெல்தான்.

2018ல க்னோம் ஷெல் லீக்னு ஊரே பேசினது ஞாபகம் இருக்கறவங்க உடனே அதுதான்னு குதிக்க வேண்டாம். அது வேற வியாதி. ஷெல்லோட மேல்பாதி ஜாவாஸ்கிரிப்ட், ஜிஜேஎஸ் வழியா ஓடுது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஒரு பொருள் சின்ன உறையாத்தான் இருக்கும், அதுக்குப் பின்னால சி பக்கம் பெரிய பொருள் தொங்கும். குப்பை அள்ளுறவன் (வேண்டாத மெமரியை விடுவிக்கிற ஜாவாஸ்கிரிப்ட் பகுதி) உறையோட எடையைத்தான் பார்க்கிறான், "சின்னதுதானே, அப்புறம் அள்ளலாம்"னு விட்டுடுவான். அந்த வருஷமே ஜிஜேஎஸ்ல அடிக்கடி அள்ளுற மாதிரி மாத்திட்டாங்க.

இது அந்த வகையான்னு ரெண்டு நிமிஷத்துல சோதிக்கலாம். ஆல்ட் எஃப்2 அழுத்தி எல்ஜி-ன்னு அடிச்சா லுக்கிங் கிளாஸ் திறக்கும். அதுல ஒரு குப்பைத்தொட்டிப் படம் இருக்கு, அழுத்தினா முழுசா ஒரு தடவை அள்ளும். அள்ளினப்புறம் சரசரன்னு இறங்கினா தாமதக் குப்பை. இறங்காட்டி யாரோ இன்னும் கையில பிடிச்சுக்கிட்டு இருக்காங்க.

அல்சூர்வாசி | 5 ஜூன், இரவு 7.00

நாலு தடவை அழுத்தினேன். 586ல இருந்து 574. அவ்வளவுதான்.

ஸ்வாப்சாமி | 5 ஜூன், இரவு 7.10

அப்போ யாரோ பிடிச்சிருக்காங்க. என் ஊகம்: விண்டோ திறந்து மூடுறது. டெர்மினலை ஸ்கிரிப்ட் வச்சு 200 தடவை திறந்து மூடிப் பாருங்க. ஏறிக்கிட்டே போகுதா, ஒரு இடத்துல நிக்குதா?

அல்சூர்வாசி | 6 ஜூன், காலை 10.30

முதல் 50ல 20 எம்பி ஏறிச்சு, அதுக்கப்புறம் நின்னுடுச்சு. 200 வரைக்கும் அப்படியே.

ஸ்வாப்சாமி | 6 ஜூன், காலை 11.00

ஊகம் தப்பு. ஏறி நிக்கிறது கேஷ், அது லீக் ஆகாது. லீக்குக்கு உச்சி கிடையாது.

உங்க பதிவு ஃபைலை நேரத்தோட சேர்த்து வரைஞ்சு அனுப்பினீங்களே, அதை முதல்லயே சரியா பார்த்திருக்கணும். ராத்திரி 7ல இருந்து காலை 9.30 வரைக்கும் கோடு படுத்துக் கிடக்கு. பகல்ல மட்டும் ஏறுது, அதுவும் படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு படியும் ஒரே உயரம். ஆக நேரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மனுஷன் ஏதோ ஒண்ணு பண்றான், ஒரு படி ஏறுது. 11, 1, 4 மணியை ஒட்டிப் படிகள் நெருக்கமா இருக்கு. பை-டூ காபி நேரம் மாதிரி இல்ல?

ஜர்னல்ல (சிஸ்டம் பதிவேடு) ஒவ்வொரு அன்லாக்குக்கும் லாகின் கீரிங், அதாவது கடவுச்சொல் பெட்டகம், திறந்ததுன்னு ஜிகேஆர்-பாம் ஒரு வரி எழுதும். 3ஆம் தேதி மதியத்துல இருந்து 5ஆம் தேதி மாலை 6 மணி வரைக்கும் அது எத்தனைன்னு எண்ணுங்க. லாகின் பண்ணப்போ வந்த ஒண்ணைக் கழிச்சுடுங்க.

அல்சூர்வாசி | 6 ஜூன், காலை 11.25

67.

586இல் 318 போனா 268. 268ஐ 67ஆல வகுத்தா 4.

காபி மெஷின் பக்கத்து சீட்காரர் மெஷின்தான் எப்பவும் முதல்ல சாகுது. இப்போ புரியுது. ரிசப்ஷன் மெஷின் ஒரு மாசமா ரீபூட் இல்லாம ஓடுது, அவங்க எழுந்திருக்கிறதே இல்ல.

ஸ்வாப்சாமி | 6 ஜூன், பகல் 12.00

மீதியே இல்லாம வகுபடுதா! ஒரு லாக்குக்கு 4 எம்பி. இதை எழுதி ஒட்டி வைங்க, திரும்ப வருவோம்.

இப்போ பத்து நாள் காத்திருக்க வேண்டியதில்ல. எஸ்எஸ்ஹெச் வழியா வேற மெஷின்ல இருந்து உள்ள போங்க. லாகின்சிடிஎல்-ல லிஸ்ட்-செஷன்ஸ் போட்டு டெஸ்க்டாப் செஷனோட எண்ணை எடுங்க. சூடோவோட லாக்-செஷன், 6 விநாடி, அன்லாக்-செஷன், 6 விநாடி. இப்படி 100 சுற்று, 20 நிமிஷம். 6 விநாடியைக் குறைக்காதீங்க, பூட்டுற அசைவு முடியறதுக்குள்ள திறந்தா ஷெல் முழுசா லாக் நிலைக்கே போகாது, கணக்கு குறைவா வரும்.

முதல் 100: இப்போ இருக்கிறபடி. ரெண்டாவது 100: ஜிசெட்டிங்ஸ்ல ஷெல்லோட டிசேபிள்-யூசர்-எக்ஸ்டென்ஷன்ஸை ட்ரூ ஆக்கி, லாக்அவுட் பண்ணித் திரும்ப வந்தப்புறம்.

காரணம்: ஸ்க்ரீன் லாக் ஆகும்போது ஷெல் எல்லா எக்ஸ்டென்ஷனையும் (டெஸ்க்டாப்புல கூடுதலாச் சேர்க்கிற குட்டி நிரல்கள்) டிசேபிள் பண்ணும், திறக்கும்போது மறுபடி எனேபிள் பண்ணும். மெட்டாடேட்டாவுல லாக் திரைக்கும் அனுமதி கேட்டது மட்டும் தப்பும். எனேபிள்ல திறந்ததை டிசேபிள்ல மூடாத எக்ஸ்டென்ஷன் ஒவ்வொரு காபிக்கும் ஒரு பங்கு விட்டுட்டுப் போகும்.

அல்சூர்வாசி | 6 ஜூன், பகல் 2.50

எக்ஸ்டென்ஷனோட: 318ல இருந்து 722.
இல்லாம: 301ல இருந்து 310.
மொத்தம் 9 எக்ஸ்டென்ஷன் இருக்கு. ஒண்ணொண்ணா அணைச்சுப் பார்க்கிறேன்.

ஸ்வாப்சாமி | 6 ஜூன், பகல் 2.55

நில்லுங்க. ஓடுற ஷெல்லுல ஒண்ணொண்ணா அணைக்காதீங்க. வரிசையில நடுவுல இருக்கிற ஒண்ணை அணைச்சா, அதுக்கு அப்புறம் எனேபிள் ஆன எல்லாத்தையும் ஷெல் தலைகீழா அணைச்சுட்டு, இதை எடுத்துட்டு, அதெல்லாத்தையும் திரும்பப் போடும். ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்கத்தான் அப்படி. ஆனா நீங்க நல்லதை அணைக்கும்போது கெட்டது ஒரு சுற்று அணைஞ்சு எரியும், 4 எம்பி ஏறும், "நல்லதை அணைச்சா ஏறுதே"ன்னு குழம்புவீங்க.

பாதி பாதியா பிரிங்க. 4 எக்ஸ்டென்ஷனை மட்டும் போட்டு, லாக்அவுட், லாகின், 30 சுற்று. அப்புறம் ஏறுற பாதியை மறுபடி பாதி. நாலு சோதனைக்குள்ள முடிஞ்சுடும்.

கெர்னல்காரன் | 6 ஜூன், மாலை 4.30

இடையில புகுறதுக்கு மன்னிக்கணும். லீக் ஆனது ஒரே அளவு துண்டுன்னா, அந்த அளவே பேர் சொல்லும். ஒரு பிராசஸோட மெமரிப் பகுதிகளைப் பட்டியல் போடுற பிமேப்பை -எக்ஸ் கொடுத்து ஷெல் மேல ஓடவிட்டு, பேரில்லாத அனான் பகுதிகளோட அளவைப் பாருங்க. ஜிலிப்ஸியில (சி நிரல்களோட அடிப்படை லைப்ரரி) 128 கேபிக்கு மேல கேட்டா, மெமரி ஒதுக்கற மாலாக் பொதுவா கெர்னல்கிட்ட தனிப் பகுதி வாங்கி (எம்மேப்) கொடுக்கும். துல்லியமா 4 எம்ஐபி (4096 கேபி) கேட்டிருந்தா தலைப்புக்கு 16 பைட் சேர்ந்து ஒரு பக்கம் கூடும். 4096 கூட்டல் 4, ஆக 4100 கேபி. வரிசையா 4100 தெரிஞ்சா மாட்டிக்கிச்சு.

அல்சூர்வாசி | 6 ஜூன், மாலை 5.00

4100 ஒண்ணுகூட இல்லையே. 8200, 20500, 123000, அப்படி ஏதேதோ இருக்கு.

கெர்னல்காரன் | 6 ஜூன், மாலை 5.10

தப்பு என்னோடது. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ஒரே அனுமதி அனான் பகுதிகளை கெர்னல் ஒட்டி ஒண்ணாக்கிடும். 4100ஆல வகுங்க: 2, 5, 30. எல்லாம் முழு எண்.

ஸ்வாப்சாமி | 6 ஜூன், மாலை 5.40

ஆஹா. துல்லியமா 4 எம்ஐபி எங்கிருந்து வரும்? 1024க்கு 1024 படம், ஒரு புள்ளிக்கு 4 பைட். பெருக்கிப் பாருங்க: 41,94,304 பைட். பிஎன்ஜி டிஸ்க்குல 200 கேபி இருந்தாலும் விரிச்சா அவ்வளவுதான்.

ஹோம் அடைவுல புள்ளி-லோக்கல், ஷேர், க்னோம்-ஷெல், எக்ஸ்டென்ஷன்ஸ். அதுக்குள்ள இருக்கிற எல்லா பிஎன்ஜி மேலயும் ஃபைல் கட்டளை ஓட்டுங்க, நீள அகலம் சொல்லும்.

அல்சூர்வாசி | 6 ஜூன், மாலை 5.50

ஒண்ணே ஒண்ணு. ராகுகால எக்ஸ்டென்ஷன்.

முன்னாடி இங்க வேலை பார்த்த ஒருத்தர் ஆபீஸுக்காகவே எழுதினது. மேல் பட்டையில குட்டியா பிள்ளையார், பக்கத்துல "ராகு 3.00–4.30"ன்னு வரும். அந்தப் பிள்ளையார்தான் 1024க்கு 1024. எல்லா மெஷின்லயும் அது இருக்கு.

ஸ்வாப்சாமி | 6 ஜூன், மாலை 5.52

விக்னம் தீர்க்க வந்தவரே.

ஸ்வாப்சாமி | 6 ஜூன், இரவு 8.30

அந்த எக்ஸ்டென்ஷனோட நிரலைப் பார்த்தேன். எனேபிள்ல மூணு வேலை நடக்குது: பெரிய படத்தை பிக்ஸ்பஃப்பா (ரேமுக்குள்ள விரிச்ச படம்) படிக்குது, 24 புள்ளிக்குச் சுருக்கிப் பட்டையில வைக்குது, 10 விநாடிக்கு ஒரு டைமர் போடுது. டிசேபிள்ல பட்டைப் பொத்தானை டெஸ்ட்ராய் பண்ணுது, அதோட நிறுத்திக்குது. டைமரை எடுக்கல. அந்த டைமரோட கால்பேக் (ஒவ்வொரு தடவையும் ஓடுற துண்டு நிரல்), வெள்ளிக்கிழமைன்னா சிவப்பு நிறம் போடணும்னு பெரிய பிக்ஸ்பஃப்பைக் கையிலேயே வச்சிருக்கு. டைமர் சாகாத வரைக்கும் படமும் சாகாது. பட்டையில பழைய பொத்தான் போயிடுறதால கண்ணுக்கு ஒரு பிள்ளையார்தான் தெரியும், ரேமுக்குள்ள 67 பேர்.

ராத்திரி ஏன் ஏறல? டைமர் ஓடத்தான் செஞ்சது, ஆனா புதுசா எதையும் ஒதுக்கல. "ராத்திரி படுத்துக் கிடக்கு, அதனால டைமர் இல்ல"ன்னு நான் மனசுக்குள்ள ஒரு கோடு போட்டு வச்சிருந்தேன். நல்லவேளை இங்க எழுதல.

நாளில ஒரு தடவை மாறுற விஷயத்துக்கு 10 விநாடி டைமர் எதுக்குன்னு எழுதினவரைத்தான் கேட்கணும்.

கெர்னல்காரன் | 6 ஜூன், இரவு 9.00

அந்தப் பழைய டைமர்கள் செத்துப்போன லேபிளுக்கு எழுத முயற்சி பண்ணும்தானே? ஜர்னல் கத்தியிருக்கணுமே.

ஸ்வாப்சாமி | 6 ஜூன், இரவு 9.20

கத்தியிருக்கு. பைனரி பாதையை க்னோம்-ஷெல்னு கொடுத்து ஜர்னல்சிடிஎல் ஓட்டினா, "எஸ்டி லேபிள் ஏற்கெனவே டிஸ்போஸ் ஆயிடுச்சு"ங்கிற வகை எச்சரிக்கை, அடியில ஸ்டாக் டிரேஸ், அதுல எக்ஸ்டென்ஷன் ஃபைலோட பாதை, வரி எண் உள்பட. முதல் நாளே ஜர்னலைப் பார்த்திருந்தா மூணு நாள் மிச்சம். இந்த இழையை மேலிருந்து படிக்கிறவங்க முதல்ல அங்க போங்க.

ஒரு நல்ல கணக்கு: 10 விநாடிக்குள்ள அந்த எச்சரிக்கை எத்தனை தடவை வருதுன்னு எண்ணினா, எத்தனை பழைய டைமர் உயிரோட இருக்குன்னு தெரியும்.

அல்சூர்வாசி | 7 ஜூன், காலை 10.15

படத்தை 48க்கு 48ஆ சுருக்கிட்டேன். லாக் பண்ணா இப்போ ஏறவே இல்ல. முடிஞ்சுதா?

ஸ்வாப்சாமி | 7 ஜூன், காலை 10.40

முடியல. ஓட்டையை அடைக்காம குழாயைச் சின்னதாக்கியிருக்கீங்க. 48க்கு 48 படம் 9216 பைட், அதனால வரைபடத்துல தெரியல. டைமர் அப்படியே குவியுது. 400 லாக்குக்கு அப்புறம் 10 விநாடிக்கு 400 தடவை ஜர்னல்ல எழுதிக்கிட்டு இருக்கும்.

இன்னொருத்தர் தனிச்செய்தியில மெட்டாடேட்டாவுல லாக் திரையையும் சேர்த்துட்டா டிசேபிளே ஆகாதேன்னு கேட்டார். ஆகாதுதான். ஆனா பூட்டின திரையிலயும் எக்ஸ்டென்ஷன் ஓடும், அதுக்கு அவசியம் இருந்தாத்தான் கேட்கணும். லீக்கை மறைக்க அது வழியில்ல.

சரியான வேலை இது:
எனேபிள்ல டைமர் போடும்போது வர்ற எண்ணை வச்சுக்கணும். டிசேபிள்ல ஜிலிப் சோர்ஸ் ரிமூவ் கூப்பிட்டு அந்த எண்ணைக் கொடுத்து, அப்புறம் அதை நல் ஆக்கணும்.
கனெக்ட் பண்ண ஒவ்வொரு சிக்னலுக்கும் அதே மாதிரி டிஸ்கனெக்ட்.
பொத்தானை டெஸ்ட்ராய் பண்ணி நல்.
பிக்ஸ்பஃப்பே வேண்டாம். எஸ்டி ஐகானுக்கு ஃபைல் ஐகானைக் கொடுத்தா அளவை அதுவே பார்த்துக்கும்.

ஸ்வாப்சாமி | 7 ஜூன், காலை 10.50

மறந்தது: ஃபைலைத் திருத்திட்டு எக்ஸ்டென்ஷனை அணைச்சு எரிச்சா புது நிரல் வராது. க்னோம் 45ல இருந்து எக்ஸ்டென்ஷன்கள் இஎஸ் மாட்யூல், ஒரு தடவை ஏத்தினது அந்த ஷெல் சாகற வரைக்கும் நினைவுல இருக்கும். எக்ஸ்11 காலத்துல ஆல்ட் எஃப்2, ஆர் போட்டா ஷெல் மட்டும் புதுசாகும். வேலேண்ட்ல ஷெல்தான் எல்லாம், லாக்அவுட் பண்ணியே ஆகணும். ஒவ்வொரு தடவையும் அது சலிப்புன்னா, உங்க க்னோம் 46ல டிபஸ்-ரன்-செஷனுக்குள்ள ஷெல்லை நெஸ்டட், வேலேண்ட் ரெண்டு கொடியும் கொடுத்து ஒரு விண்டோவுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கலாம்.

அல்சூர்வாசி | 7 ஜூன், பகல் 3.30

திருத்தினேன். பெரிய படத்தையே வேணும்னு திரும்பப் போட்டுச் சோதிச்சேன். 100 சுற்று: 316ல இருந்து 329. அடுத்த 100: 330. ஜர்னல்ல சத்தமே இல்ல.

ஆனா இன்னொரு மெஷின்ல லாக்அவுட் பண்ணாம, பழைய நிரல் ஓடிக்கிட்டு இருக்கும்போதே எக்ஸ்டென்ஷனை அணைச்சேன். 1.4 ஜிபி இறங்கவே இல்ல.

ஸ்வாப்சாமி | 7 ஜூன், மாலை 4.00

இறங்காது. பழைய டைமர்களை எடுக்கிற எண் யார்கிட்டயும் இல்ல, அதெல்லாம் அனாதை. லாக்அவுட் ஒண்ணுதான்.

ஜிடிபியை (ஓடுற பிராசஸை நிறுத்திப் பார்க்கிற கருவி) ஒட்டி மாலாக்_டிரிம் கூப்பிடச் சொல்லி நெட்ல பலர் எழுதியிருப்பாங்க. அது ஏற்கெனவே விடுவிச்சும் ஜிலிப்ஸி கையில தேங்கியிருக்கிற மெமரியைத்தான் கெர்னலுக்குத் திருப்பும். பிடிச்சுக்கிட்டு இருக்கிறதை ஒண்ணும் பண்ணாது. அப்படியும் பார்க்கணும்னா, அதே டெஸ்க்டாப்போட டெர்மினல்ல இருந்து ஜிடிபியை ஷெல்லோட ஒட்டாதீங்க. ஒட்டின நொடியே ஷெல் நிக்கும், திரை உறையும், உறைஞ்ச திரையில இருக்கிற டெர்மினல்ல அடுத்த கட்டளை எப்படி அடிப்பீங்க? எஸ்எஸ்ஹெச், இல்லேன்னா ஒட்டறதுக்கு முன்னாடியே கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 போட்டு அங்கிருந்து.

கெர்னல்காரன் | 7 ஜூன், மாலை 4.20

தலைப்புக்கு வெளியே ஒரு கேள்வி. அந்த எக்ஸ்டென்ஷன் ராகுகாலத்தை எப்படிக் கணக்குப் போடுது? செவ்வாய்னா 3.00–4.30ன்னு பட்டியலா?

அல்சூர்வாசி | 7 ஜூன், மாலை 4.35

ஆமா, ஏழு வரிப் பட்டியல்.

ஸ்வாப்சாமி | 7 ஜூன், மாலை 4.50

காலை 6 மணிக்கு உதயம், மாலை 6க்கு அஸ்தமனம்னு வச்சுக்கிட்டாத்தான் அந்தப் பட்டியல். பஞ்சாங்கக்காரர் அந்தந்த ஊரோட பகல் பொழுதை எட்டா வகுப்பார். ஜூன்ல பெங்களூருல பகல் 12 மணி நேரத்துக்கு மேல, அதனால ஒவ்வொரு பங்கும் ஒன்றரை மணியைத் தாண்டும். அதையும் திருத்துறதா இருந்தா, காலையில ஒரு தடவை கணக்குப் போட்டு, அடுத்த மாற்றம் எப்பவோ அதுவரைக்கும் ஒரே ஒரு டைமர் போடுங்க. அந்த டைமரோட எண்ணையும் வச்சுக்கோங்க.

அல்சூர்வாசி | 9 ஜூன், காலை 9.40

14 மெஷின்லயும் போட்டாச்சு. லாக்அவுட்டும் பண்ண வச்சாச்சு, ரிசப்ஷன் தவிர. அவங்க எழுந்ததும் பண்றேன்.